மணி கேட்டுக் காத்திருக்கும் கணிப்பொறி

கணிப்பொறி மணி தவறுமா? தவறாது என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். கைப்பேசியின் முகப்பில் தெரியும் மணியைப் பார்த்துச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும் வழக்கம் நமக்கு வந்துவிட்டது. நானும் அவ்வாறே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையை அசைத்தது ஓர் ஐப்பசி மாதத்து இரவு. அன்று நடந்ததைச் சொல்லி, அதன் காரணத்தையும் அதற்கு உரிய மாற்றையும் விளக்குவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

நான் வாழ்வது மேடவாக்கத்தில். ஊரின் பெயரில் மேடு தொனித்தாலும், மழைநீருக்கு இந்தப் பகுதி ஒரு வழிநடைதான். தாம்பரம் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் கிழக்கே இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தையும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையையும் கண்ட பிறகு, எங்கள் தெருவில் இருவர் சந்தித்தால் ‘எவ்வளவு மழை?’ என்று மட்டும் கேட்பதில்லை, ‘எத்தனை மணிக்கு?’ என்றும் கேட்கிறார்கள். மழை பெய்த நேரத்துக்கும் தெருவில் நீர் ஏறிய நேரத்துக்கும் உள்ள இடைவெளியே, அந்த நீர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும்.

ஆகவே என் வீட்டு மாடியில் ஒரு மழைமானி வைத்தேன். அதனுள் ஏற்றப்பலகைபோல் அமைந்த இரு சிறு குவளைகள் உண்டு. ஒன்று நிரம்பியதும் சாய்ந்து நீரைக் கொட்டும். மற்றொன்று அதன் இடத்துக்கு வரும். ஒவ்வொரு சாய்வும் ஒரு மின்தொடர்பை உண்டாக்க, உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறி அந்த நொடியின் மணியைக் குறித்துக்கொள்ளும். குவளையின் கொள்ளளவு மாறாதது. எனவே அந்தப் பதிவின் மதிப்பெல்லாம் மணியில்தான் இருக்கிறது.

அந்த இரவு 9 மணிக்கு மின்சாரம் நின்றது. நள்ளிரவு நெருங்க, 11 மணி 40 நிமிடத்துக்குத் திரும்பிற்று. பொறி தானே விழித்தெழுந்து வேலையைத் தொடங்கியது. ஆனால் தெருவுக்கு வரும் இணையத் தொடர்பு விடியற்காலை 5 மணிக்குத்தான் உயிர் பெற்றது. இடையில் கனமழை பெய்தது. 2 மணியளவில் தெருவில் முழங்காலளவு நீர் ஏறியது. மறுநாள் பதிவை எடுத்துப் பார்த்தேன். பெருமழை இரவு 9 மணி 7 நிமிடத்துக்குத் தொடங்கி 10 மணி 7 நிமிடத்துக்கு ஓய்ந்ததாக அதில் இருந்தது.

மழை ஓய்ந்து நான்கு மணி நேரம் சென்ற பிறகு நீர் ஏறுமானால், அது எங்கள் தெருவில் பெய்த மழையாக இருக்க முடியாது. ‘மேலண்டைத் தெருக்காரர்கள் இரவோடிரவாகக் கரையை வெட்டி விட்டிருக்கிறார்கள்’ என்று பேச்சு எழுந்தது. அவர்கள்மேல் புகார் மனு ஒன்று எழுதப்பட்டது. அதனோடு என் பொறியின் பதிவும் இணைக்கப்பட இருந்தது. நானும் கையெழுத்திட எழுதுகோலை எடுத்துவிட்டேன்.

அப்போது பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு வார்த்தை சொன்னார்: “கரண்டு வந்து ஃபேன் ஓட ஆரம்பிச்சப்புறந்தான் தம்பி நான் கண்ணசந்தேன். அதுக்கப்புறந்தானே அந்தப் பேய்மழை கொட்டி என்னை எழுப்பிச்சு?”

பாட்டி மணி பார்க்கவில்லை. ஆனால் எதற்குப் பின் எது நடந்தது என்பதை அவர் அறிந்திருந்தார். மின்சாரம் வந்த பின்புதான் மழை என்றால், 9 மணி 7 நிமிடம் என்பது பொய். அதுமட்டுமன்று, அந்த நேரத்தில் மின்சாரமே இல்லை. இல்லாத மின்சாரத்தில் என் பொறி எவ்வாறு மழையைக் குறித்திருக்கும்? இந்தக் கேள்வி முன்னமே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும். பொறியின்மேல் இருந்த நம்பிக்கை அதை மறைத்துவிட்டது.

மாணவ நண்பர்களே, பொறி பொய் சொன்ன காரணத்தை இனிப் பார்ப்போம்.

பெரும்பான்மையான கணிப்பொறிகளில் இரண்டு கடிகாரங்கள் உள்ளன. ஒன்று, பொறி விழித்திருக்கும்போது மட்டும் ஓடுவது. மற்றொன்று, பொத்தான் போன்ற சிறு மின்கலத்தின் துணையால், பொறி உறங்கும்போதும் ஓடிக்கொண்டிருப்பது. இந்த இரண்டாவது கடிகாரத்தில் ஒரு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டைப் பதினைந்து முறை தன்னாலேயே பெருக்கினால் வரும் எண் அது. ஆகையால் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். கைக்கடிகாரத்திலும் இதே ஏற்பாடுதான்.

படிகமும் முற்றும் பிழையற்றதன்று. பத்து லட்சத்தில் 20 பங்கு பிறழ்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 விநாடி தவறும். ஓராண்டில் அது பத்து நிமிடத்துக்கு மேலாகும். வெப்பம் மாறினால் பிறழ்வும் மாறும். என்னுடைய பொறியிலோ அந்த இரண்டாவது கடிகாரமே கிடையாது. விலை குறைக்கவும் உருவம் சிறுக்கவும் அதை விட்டுவிட்டார்கள். ராஸ்பெர்ரி பை வரிசையில் ஐந்தாம் தலைமுறைப் பொறியில்தான் அது முதன்முதலில் இடம்பெற்றது. அதற்கும் மின்கலத்தைத் தனியே வாங்கி இணைத்தல் வேண்டும்.

கடிகாரம் இல்லாத பொறி விழித்தெழும்போது என்ன செய்யும்? ஒன்றும் தெரியாவிட்டால் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கும். யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளுக்கு அதுவே காலத்தின் தொடக்கம். கிரீன்விச்சில் நள்ளிரவாகிய அந்த நொடி, நம் நாட்டு மணிப்படி விடியற்காலை 5 மணி 30 நிமிடம். இந்த நகைப்பைத் தவிர்க்க ஓர் உபாயம் செய்துள்ளனர். பொறி ஓடிக்கொண்டிருக்கையில் மணிக்கு ஒருமுறை அப்போதைய நேரத்தைத் தன் ஏட்டில் குறித்து வைக்கிறது. அடுத்த முறை விழிக்கும்போது அந்தக் குறிப்பிலிருந்தே தொடங்குகிறது. அன்று அது கடைசியாகக் குறித்தது இரவு 8 மணி 17 நிமிடம். ஆகவே 11 மணி 40 நிமிடத்துக்குக் கண் விழித்த பொறி, இப்போது 8 மணி 17 நிமிடம் என்று எண்ணிக்கொண்டது. உண்மைக்கும் அதற்கும் 3 மணி 23 நிமிடம் வேறுபாடு. நள்ளிரவுக்குப் பின் 12 மணி 30 நிமிடத்துக்குத் தொடங்கிய மழை, பதிவேட்டில் 9 மணி 7 நிமிடத்து மழையாயிற்று.

இந்த உபாயத்தைக் குறைகூறுதல் தகாது. அது சொல்வது, ‘குறைந்தது இந்த நேரமாவது ஆகியிருக்கும்’ என்பது. அதை ‘இதுவே நேரம்’ என்று நான் கொண்டதுதான் பிழை.

மெய்யான நேரத்தைப் பொறி வெளியிலிருந்துதான் பெறவேண்டும். வெளியிலிருந்து நேரம் பெறும் வழக்கம் நம் சென்னைக்குப் புதிதன்று. 1792ஆம் ஆண்டு நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் அமைந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே பணியாற்றிய ஜான் கோல்டிங்காம் என்னும் அறிஞர் 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் குறித்த வேளைகளில் பீரங்கி வெடிப்பது அக்கால வழக்கம். வாயில் தோன்றும் ஒளிக்கும், காதில் விழும் ஓசைக்கும் இடையே எத்தனை விநாடி என்று அவர் அளந்தார். பரங்கிமலை ஆய்வுக்கூடத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். ஓசை வந்து சேர ஏறத்தாழ 26 விநாடி பிடிக்கும். இந்த அளவுகளைக் கொண்டு ஓசையின் வேகத்தை அவர் கணக்கிட்டு வெளியிட்டார்.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பீரங்கி ஓசையைக் கேட்டு ஒருவர் கடிகாரத்தைத் திருத்தினால், ஓசை நடந்து வந்த நேரமளவு அவருடைய கடிகாரம் பின்தங்கும். ஆகவே நேரம் சொல்லும் செய்தியோடு, அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தையும் அறிதல் வேண்டும். கோல்டிங்காமுக்கு ஒளி துணைசெய்தது. இணையக் கம்பியில் வரும் செய்திக்கு முன்னால் அத்தகைய ஒளி எதுவும் வருவதில்லை. இந்தச் சிக்கலைத் தீர்க்க அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் வகுத்து, 1985ஆம் ஆண்டு வெளியான நெறியே இன்று உலகெங்கும் கணிப்பொறிகளின் மணியைக் காக்கிறது. நெறி எளியது. ஓர் உவமையால் காட்டுகிறேன்.

என் வீட்டுக் கடிகாரம் சரியாக இல்லை என்று வையுங்கள். பையன் ஒருவனைத் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு அனுப்பி, அங்குள்ள மணியைப் பார்த்துவரச் சொல்கிறேன். அவன் புறப்படும்போது என் வீட்டில் மணி 10. நிலையத்தை அடையும்போது அங்கே 10 மணி 25 நிமிடம். ஒரு தேநீர் அருந்திவிட்டுப் புறப்படுகையில் அங்கே 10 மணி 30 நிமிடம். வீடு திரும்பும்போது என் கடிகாரத்தில் 10 மணி 45 நிமிடம். அவன் வெளியே இருந்தது 45 நிமிடம். தேநீருக்குச் சென்ற 5 நிமிடம் போக வழியில் கழிந்தது 40. போக 20, வர 20. நிலையத்தை விட்டபோது 10 மணி 30 நிமிடம் என்றால், வீடு சேர்ந்தபோது மெய்யான நேரம் 10 மணி 50 நிமிடம். ஆகவே என் கடிகாரம் 5 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. பையனிடம் கைக்கடிகாரம் இல்லை. ஆயினும் கணக்கு முடிந்துவிட்டது.

போகும் வழியும் வரும் வழியும் ஒரே கால அளவு பிடிக்கும் என்று நாம் கொண்டோம். திரும்பும்போது மேடவாக்கம் கூட்டுச்சாலையில் நெரிசலில் சிக்கினால் கணக்குப் பிழைக்கும். பிழையின் அளவு இரண்டு வழிகளின் வேறுபாட்டில் பாதி. இதனால்தான் கணிப்பொறி ஒரே இடத்தில் கேட்டு நிற்பதில்லை. பல இடங்களில், பல முறை கேட்டு, ஒவ்வாத விடைகளைத் தள்ளுகிறது. நம் நாட்டில் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைக் காத்து, இவ்வாறு கேட்கும் பொறிகளுக்கு விடையளிக்கிறது. நிறுவனங்கள் தம் கணிப்பொறிகளின் மணியை இந்த ஆய்வகத்தோடோ, தேசியத் தகவலியல் மையத்தோடோ ஒத்திசைக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசின் கட்டளையும் வந்தது. குற்றம் ஒன்றைத் துருவி ஆராயும்போது பல பொறிகளின் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கவேண்டியிருக்கும். அவற்றின் மணிகள் ஒத்திராவிட்டால் எது முன், எது பின் என்று சொல்ல இயலாது.

இவ்வளவும் சரி. ஆனால் பையன் புறப்படச் சாலையே இல்லாவிட்டால்? இணையம் வராத நேரத்தில் கணிப்பொறியின் நிலை அதுவே. அந்நிலையில் அது நான்கு செய்திகளைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, கேட்பதை நிறுத்தலாகாது. பழைய ஏற்பாடு ஒன்றில், பொறி விழித்ததும் ஒரே ஒருமுறை நேரம் கேட்பார்கள். அப்போது இணையம் இல்லாவிட்டால் முயற்சி தோற்கும், மறுபடி கேட்பாரில்லை. பிறகு இணையம் வந்தாலும் பயனில்லை. இன்றைய நல்ல நிரல்கள் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இணையம் வந்த செய்தி கிடைத்ததும் உடனே கேட்கின்றன.

இரண்டாவது, தாவலாமா, நடக்கலாமா என்பது. பிழையைத் திருத்த இரு வழிகள் உண்டு. முள்ளைப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பது ஒன்று. ஓட்டத்தைச் சற்று விரைவாக்கியோ மெதுவாக்கியோ சிறிது சிறிதாகச் சேர்ப்பது மற்றொன்று. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தபோது, கிரீன்விச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னிருந்த சென்னை நேரம், 5 மணி 30 நிமிடம் என்னும் புதிய அளவுக்கு மாறியது. அது ஒன்பது நிமிடத் தாவல். ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறியில் தாவல் நல்லதன்று. முன்னே தாவினால் இடைப்பட்ட நேரத்து வேலைகள் தவறக்கூடும். பின்னே தாவினால் ஒரே மணி இருமுறை வரும். ஆகவே சிறு பிழையை நடத்தியே திருத்துவர். ஆனால் பெரும் பிழையை அவ்வாறு திருத்த முடியாது. வழக்கமான நிரல் ஒன்று பத்து லட்சத்தில் 500 பங்கு அளவே ஓட்டத்தை மாற்றும். ஒரு விநாடியைத் திருத்த 2,000 விநாடி வேண்டும். என் பொறியின் 3 மணி 23 நிமிடப் பிழைக்கு அவ்வகையில் சுமார் 282 நாள் பிடிக்கும். எனவே, விழித்தெழுந்த பின் கிடைக்கும் முதற்சில விடைகளில் தாவலாம், அதன் பிறகு நடந்தே திருத்தவேண்டும் என்பது நல்ல விதி.

மூன்றாவது, ஒரு முடிச்சு. இணையத்தில் பாதுகாப்பான தொடர்பு ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. அதில் ‘இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்’ என்று எழுதியிருக்கும். 1970இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் பொறிக்கு உலகத்துச் சான்றிதழெல்லாம் இன்னும் பிறவாதவை. ஆகவே தொடர்பை மறுத்துவிடும். நேரம் தெரியத் தொடர்பு வேண்டும். தொடர்பு கிடைக்க நேரம் தெரியவேண்டும். பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஏட்டில் குறித்த பழைய நேரம் இங்கேதான் உதவுகிறது. சில மணி பிந்தியிருந்தாலும் ஆண்டும் நாளும் ஏறக்குறையச் சரியாக இருப்பதால் சான்றிதழ்கள் செல்லுபடியாகும், முடிச்சு அவிழும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மின்கலக் கடிகாரச் சில்லு ஒன்றைப் பொருத்திவிட்டால் இன்னும் நலம்.

நான்காவது, காத்திருப்பது. நேரம் உறுதியாகும் வரை சில வேலைகளை நிறுத்தி வைக்கலாம். மழையை எப்படி நிறுத்தி வைப்பது? இங்கேதான் பாட்டியின் முறை கைகொடுக்கிறது. கணிப்பொறிக்குள் இன்னோர் எண்ணிக்கையும் ஓடுகிறது. விழித்தெழுந்தது முதல் எத்தனை விநாடி கழிந்தது என்பதை மட்டும் அது எண்ணும். மணியை யார் எப்படித் திருத்தினாலும் அது தாவாது, பின்வாங்காது. இன்று என்ன நாள் என்று அதற்குத் தெரியாது; எதற்குப் பின் எது, எவ்வளவு பின் என்பது தெரியும்.

என் பொறியின் நாட்குறிப்பைப் புரட்டினேன். விழித்தெழுந்து 19,200 விநாடி கழிந்தபோது நேரம் திருத்தப்பட்டதாக அதில் ஒரு வரி இருந்தது. 19,200 விநாடி என்பது 5 மணி 20 நிமிடம். விடியற்காலை 5 மணியிலிருந்து அதைக் கழித்தால் இரவு 11 மணி 40 நிமிடம். பாட்டி சொன்ன ‘கரண்டு வந்த’ நேரம். அந்த இடைவெளியில் எழுதப்பட்ட ஒவ்வொரு பதிவுடனும் 3 மணி 23 நிமிடத்தைக் கூட்டினேன். பெருமழை 12 மணி 30 நிமிடத்துக்குத் தொடங்கி 1 மணி 30 நிமிடத்துக்கு ஓய்ந்திருந்தது. அடுத்த அரைமணியில் தெருவில் நீர் ஏறியிருந்தது. கரையை யாரும் வெட்டவில்லை. எங்கள் தெருக் கால்வாயில் குப்பை அடைத்துக்கொண்டிருந்தது.

புகார் மனுவைக் கிழித்துப் போட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேலண்டைத் தெருக்காரர் சிலரும் எங்களோடு சேர்ந்து கால்வாயைத் தூர் வாரினார்கள். அவர்கள்மேல் எழுதப்பட்டிருந்த மனுவைப் பற்றி யாரும் அவர்களிடம் சொல்லவில்லை.

இப்போது என் மழைமானி ஒவ்வொரு சாய்வுக்கும் இரண்டு எண்களை எழுதுகிறது: மணி ஒன்று, விழித்தெழுந்தது முதல் கழிந்த விநாடி மற்றொன்று. இணையத்திலிருந்து விடை வரும்வரை ‘நேரம் உறுதியில்லை’ என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்கிறது. விடை வந்ததும், பின்னோக்கிக் கணக்கிட்டு எல்லாவற்றையும் திருத்திவிடுகிறது. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவைக்கப் பொறிக்குக் கற்பித்ததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. நீங்களும் ஒரு சோதனைக்கூடத்தில் கருவியின் எண்ணைக் குறிக்கும்போது, அந்தக் கருவிக்கு மணி எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.